செம்மொழியின் தட்டு எந்தப் பக்கம் சுற்றியது

இரண்டு மணிக்கு வெளித்தேர்வாளர் வருகிறார். செம்மொழியின் வரைபடம் இன்னும் தலைகீழாகவே நின்றது.

அவள் தஞ்சாவூரில் இயற்பியல் முதுகலை முடிக்கப்போகிறவள். திருவையாற்றுப் பக்கம் நடவுக்குப் போய்த்தான் அம்மா நாகம்மாள் இவ்வளவு தூரம் படிக்கவைத்திருந்தாள். இந்த ஆய்வு தேறினால் ஆராய்ச்சிப் படிப்பு. தேறாவிட்டால் மாமா சொல்லிவைத்திருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனி வேலை. நாகம்மாள் அதற்குத் தலையாட்டியும் விட்டாள்.

கருந்துளையைச் சுற்றி வாயு ஒரு தட்டுப்போலச் சுழலும். கருந்துளை சுழன்றால், சுற்றியிருக்கும் வெளியையும் இழுத்துக்கொண்டு சுழலும். அதன் வேகம் கூடக்கூடத் தட்டின் உள்விளிம்பு நெருங்கும், வெளிச்சம் ஏறும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. செம்மொழியின் கணக்கிலோ விளிம்பு விலகி, வெளிச்சம் மங்கியது. கணினி நிரலை வரிவரியாகப் பார்த்தாயிற்று. பிழை சிக்கவில்லை.

"சாப்புடுடி. பட்டினி கிடந்தா நேராயிடுமா?" டப்பாவைத் திறந்துவைத்தாள் ஷமா. கூடப் படிக்கும் கூத்தாநல்லூர்க்காரி.

செம்மொழி தாளில் வட்டம் போட்டு, வாயு ஓடும் திசைக்கு அம்புக்குறி வரைந்தாள்.

"ஏண்டி இந்தப் பக்கமா சுத்துது?" எட்டிப் பார்த்துக் கேட்டாள் ஷமா.

"வேற எந்தப் பக்கம்? பெரிய கோயில்ல எப்படிச் சுத்துவோம்?"

"எங்க அத்தா ஹஜ்ஜுக்குப் போனப்ப காபாவ இடக்கைப் பக்கம் வச்சுல்ல சுத்தினாங்க. உன் கருந்துளை உங்க ஊரா, எங்க ஊரா?"

ஷமா சிரித்தாள். செம்மொழியின் பேனா நின்றுவிட்டது. சூத்திரத்தில் கருந்துளை கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. வாயுவை அவள்தான், யோசிக்காமலே, வலம் வரவிட்டிருந்தாள். இரண்டும் எதிரெதிராக ஓடிக்கொண்டிருந்தன.

ஒரே ஒரு குறியை மாற்றி நிரலை ஓட்டினாள். கரண்ட் போய்விட்டிருந்தது, மடிக்கணினியின் பேட்டரி சிவப்பில் துடித்தது. கோடு மெல்ல மெல்ல மேலே ஏறி முடியவும், வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

தேர்வாளர் பஞ்சநதம் திரையருகே குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"சரி. வாயு எதிர்த்திசையில ஓடினா என்னம்மா ஆகும்?"

பையில் கசக்கித் திணித்திருந்த பழைய வரைபடத்தை எடுத்து, மேசையில் வைத்து நீவினாள்.

"இப்படி ஆகும் சார். விளிம்பு வெலகிடும். காலைலேருந்து இதத்தான் தப்புன்னு திட்டிக்கிட்டிருந்தேன்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"ஆராய்ச்சிக்கு வெளியூர் போகணும். வீட்ல அனுப்புவாங்களா?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன் சார்."