வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் மணி லோடு

அவசரச் சாமான்களை வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலை அருப்புக்கோட்டையில் நான் தொடங்கிய முதல் வாரம் அது. எம்.ரெட்டியபட்டி விவசாயி ஒருத்தர், சரிபண்ணிய பம்புசெட்டு எஞ்சினோடு பட்டறை வாசலில் நின்றார். ஊரில் அவர் மிளகாய்ச் செடிகள் தண்ணீர் இல்லாமல் வாடிக்கொண்டிருந்தன. ஆனால் மணி பத்தே முக்கால்; வெள்ளிக்கிழமை ராகு காலம்.

“ஏத்திருவமா அண்ணாச்சி?” என்றேன்.

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாக? ராகு காலம் கழியட்டும். ஒரு மணி பஸ்ஸு மேல போட்டுட்டுப் போறேன்.”

ஒரு மணி வரைக்கும் பொறுக்கிறவருக்கு என் வேன் எதற்கு? முதல் லோடே கைநழுவிவிடும். ஆனால் நம்ம சனத்தைத் தெரிந்துதானே தொழிலுக்கு வந்தேன்! நல்ல நேரத்திலேயே பயணச் சாமான் ஒன்றை வெளியிடத்தில் வைத்துவிட்டால், பயணம் தொடங்கியதாகவே அர்த்தம். பரஸ்தானம் என்பார்கள்.

“பத்து மணிக்கே ஸ்டெப்னி டயரைத் திருச்சுழி ரோட்டு டீக்கடையில பரஸ்தானம் வச்சுட்டேன் அண்ணாச்சி. வண்டி அப்பவே கெளம்பியாச்சு.”

“ஒன் வண்டி கெளம்புச்சு. என் எஞ்சின் கெளம்பலையேப்பா?”

“பஸ்ஸுல ஏறுறவுக ஆளாளுக்கு நேரம் பாத்தா ஏறுறாக? கெளம்புன வண்டியில ஏற ஏது ராகு காலம்?”

“பேசியே தண்ணி பாய்ச்சிருவ போலயே!” என்று சிரித்தபடி எஞ்சினின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார்.

போகிற வழியில் டயரை எடுத்துக்கொண்டோம். ஒரு மணி பஸ் அருப்புக்கோட்டையை விட்டுக் கிளம்பிய நேரத்தில், அவர் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.