நடக்கத் தெரிந்த நோயாளி

அந்தச் சக்கர நாற்காலியில் புது ரப்பர் வாசம் அடித்தது. தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தா பகுதியில் ஒரு வங்கி இயக்குநரின் வீட்டில் சமையலும் துப்புரவும் செய்துவந்தேன். சிநேகிதர்களின் பொய்க் கம்பனிகளுக்கு ஊரார் சேமிப்பை அள்ளிக் கொடுத்து வங்கியையே மூழ்கடித்தார் என்று என் முதலாளிமேல் வழக்கு. பல்லரோ சந்தையில் எனக்குக் கத்தரிக்காய் விற்ற கிழவனின் சேமிப்பும் அதில்தான் போனது. மறியலில் கம்பி எண்ணாமல் வீட்டுக்காவலில் இருக்கவேண்டுமென்றால் முதலாளி நடக்க ஏலாத நோயாளியாக வேண்டும். நாற்காலியை வாங்கிவந்தவர் அவருடைய வழக்கறிஞர், எங்கள் பேச்சில் அப்புக்காத்து.

அந்த மனுசன் பட்டு டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு கோப்பை சூப்போடு எனக்கு ஒத்திகை வைத்தார். நீதிமன்றம் அனுப்பும் டாக்டருக்கு முன்னால் நான் அதை முதலாளியின் வாயில் கரண்டியால் தீத்திவிட வேண்டுமாம். "மெதுவாக. கொஞ்சம் நாடியில் வழியட்டும்," என்றார். முதலாளி சிரித்துச் சிரித்து வழியவிட்டார். துடைத்தது நான். பிறகு அவர் எழுந்து நடந்துபோய்ச் சிகரெட் பற்றவைத்தார்.

"என்ரை கையாலை அந்த ஆளுக்குத் தீத்த ஏலாது. டாக்குத்தர் கேட்டால் உள்ளதைச் சொல்லப்போறன்," என்று வீட்டில் சொன்னேன்.

என் கணவர் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். "வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கேலாது. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எங்கை போறது? பேசாமல் தீத்திவிடும்."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியான அந்தப் பெர்மெஸ்ஸோ முதலாளியின் கையெழுத்தில்தான் தொங்கியது.

டாக்டர் வந்தார். நான் கரண்டியைத் தொடவில்லை. எவ்வளவு நாளாக இப்படி என்று என்னிடம்தான் கேட்டார். "இவர் நடப்பார். இன்று காலையும் பல்கனியில் நடந்தார்," என்று இத்தாலிய மொழியில் தெளிவாகச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அப்புக்காத்தைப் பார்த்தார்.

"பாவம், முதலாளி எழுந்து நடக்கவேண்டுமென்று ஏங்குகிறாள்," என்றார் அப்புக்காத்து.

டாக்டர் தலையாட்டினார். நாற்காலியைப் பார்த்து ஏதோ எழுதினார். நான் போட்ட கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். சீ, என்ன பிறவிகள்.

இரவெல்லாம் எனக்கு நித்திரையில்லை. மறுநாள் முதலாளி குசினிக்குள் நடந்து வந்தார். முகத்தில் துளி கோபமில்லை. மீனை மொறுமொறுவென்று பொரிக்கச் சொன்னார். பெர்மெஸ்ஸோவுக்கான கையெழுத்தையும் நான் கேட்காமலே போட்டுத் தந்தார். வீட்டுக்காவலும் கிடைத்தது அவருக்கு.

இப்போது வேறொரு வீட்டில், உண்மையாகவே படுக்கையில் கிடக்கும் ஓர் அம்மாவுக்குத் தீத்திவிடுகிறேன். அவருடைய வாயைத் துடைப்பதில் எனக்கு ஓர் அருவருப்பும் இல்லை. அந்தக் கையெழுத்தை நினைத்தால்தான் இன்றும் குமட்டுகிறது. என்னை வேலையால் நிறுத்தியிருந்தாலாவது, நான் சொன்னதற்கு அவர்கள் ஒரு கணம் பயந்தார்கள் என்று இருந்திருக்கும்.