கடல் காற்றில் வந்த நாற்றம்

எங்கள் தெருக்காரர்களின் மூக்கை ஏமாற்ற முடியாது. திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்த யாரை வேண்டுமானாலும் விடியற்காலையில் எழுப்பி வாசலில் நிறுத்துங்கள். மணலியில் எந்தக் கம்பெனி எதை வெளியே விட்டிருக்கிறது என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள். அழுகிய முட்டை வாடை ஒன்று, ரப்பர் எரிகிற வாடை ஒன்று. எல்லாம் விடியலில் மேற்கேயிருந்து வீசும் கரைக்காற்றோடு வரும். மத்தியானம் கடல் காற்று எழுந்தால் அத்தனையையும் மேற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு தெருவில் கருவாட்டு வாடை மட்டும்தான். அதை நாங்கள் நாற்றத்தில் சேர்ப்பதில்லை.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது புதிதாக ஒரு நாற்றம் கிளம்பியது. மூத்திர வாடை மாதிரி மூக்கில் சுருக்கென்று ஏறும், கண் எரியும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மணலி வாடை என்று விட்டுவிடவும் வழியில்லை. ஏனென்றால் அது சாயங்காலம், நல்ல கடல் காற்று வீசும்போது வந்தது.

“கடல்லேர்ந்து நாத்தம் வருமாடி? கடல்ல இன்னா கம்பெனியா கீது?” என்றாள் அம்மா. “இது மேல் வூட்டு வேல.”

சந்தேகப்படுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள். அந்தக் கண் எனக்கும் வந்திருக்கிறது, இன்றைக்கும் போகவில்லை.

மேல் வீடு என்பது எங்கள் மொட்டை மாடியில் அப்பா கட்டிய ஒற்றை அறை. அதில் பீகார் பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு குடியிருந்தார்கள். அவன் கன்டெய்னர் யார்டில் வேலை செய்தான். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அவள் வெளியே வருவதே அபூர்வம். கடல் காற்று வாங்குவதற்கென்றே அப்பா கிழக்கில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார். சாயங்காலமானால் அதைச் சாத்தி, மேலே ஈரப் போர்வையையும் தொங்கவிட்டுவிடுவாள். வேர்த்துக் கொட்டுகிற ஊரில் வருகிற காற்றை மறைக்கிற பொம்பளையை யார் நம்புவார்கள்?

“உள்ள எதையோ காச்சுறாங்க,” என்றாள் அம்மா.

எதிர்வீட்டு அத்தை ஒருபடி மேலே போனாள். அவளுடைய செல்போனில் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி தினம் ஒரு வீடியோ வரும். “அந்தக் கொயந்த அவங்களுதுதானான்னு கேட்டியாம்மே? ஆத்தாக்காரி கறுப்பு, புள்ள செவப்பு. எனக்கென்னமோ டவுட்டாவே கீது.”

இதே அத்தையின் பெரிய மகன் செவப்பு, அத்தை அட்டைக் கறுப்பு. அதை யாரும் சொல்லவில்லை.

நாற்றம் வாரக்கணக்கில் தொடர்ந்தது. தெருவே எங்கள் வாசலில் வந்து சத்தம் போட்டதும், மாசக் கடைசியில் காலி பண்ணும்படி அப்பா அவர்களிடம் சொல்லிவிட்டார். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டான். குழந்தைக்கு இருமல். இந்திக்காரனுக்குக் குடும்பத்தோடு வீடு கொடுக்க இந்தப் பக்கத்தில் ஆளில்லை. போனால் யார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அங்கே லாரிப் புழுதி, கூட்டமாக ஆம்பிளைகள், குழாய்கூட வெளியேதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று கேட்டான். அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போது இரக்கமெல்லாம் வரவில்லை. உள்ளே என்னதான் காய்ச்சுகிறார்கள் என்று பார்த்தே தீர வேண்டும் என்றிருந்தது. ஒருநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மேலே போய், திறந்திருந்த கதவு வழியாக நேரே உள்ளே நுழைந்தேன்.

ஒன்றுமே இல்லை. ஒரு அடுப்பு, அதில் பருப்பு. சேலைத் தூளியில் குழந்தை, அதன் மேலும் ஈரத்துணி. நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

“கீழே என்ன பண்ணுது?” என்றாள். “டெய்லி. பாப்பா கண்ணு எரியுது. நீங்க மீன்ல மருந்து போடுது?”

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. நாங்கள் வாசலில் காயப்போடும் கருவாட்டுக்கு ஏதோ மருந்து அடிக்கிறோம், அதுதான் மேலே ஏறி வந்து தன் குழந்தையைக் கொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்! பள்ளிக்கூடத்தில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்துகிறவர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பொங்கியது.

“எங்க கருவாட்டுல உப்பத் தவிர ஒண்ணும் கெடையாது! கலீஜ் நீங்கதான்!” என்று கத்தினேன்.

குழந்தை விழித்து அழுதது. கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளைப் பற்றி நாங்கள் என்ன சொன்னோமோ, அதையே எங்களைப் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குச் சேர்ந்து பேச ஒரு தெரு இருந்தது, அவளுக்கு யாரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமும் அடங்கவில்லை.

அப்போது அந்த வாடை வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு மோந்து பார்த்தோம். அடுப்பில் பருப்புதான் இருந்தது. கீழே அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் போர்வையை இழுத்துப்போட்டு ஜன்னலைத் திறந்தேன். அடித்த காற்றில் வாடை முகத்தில் அறைந்தது.

கீழே தெருவிலிருந்து பார்த்தால் மதில்சுவர்தான் தெரியும். மேலே அந்த ஜன்னலிலிருந்து, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் ஐஸ் கம்பெனி முழுசாகத் தெரிந்தது. எங்கள் குப்பத்துப் போட்டுக்காரர்கள் மீனுக்குப் போட ஐஸ் பார் வாங்குகிற இடம். அதன் பின்கதவு வழியாக வேலையாட்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து வெளியே நின்றார்கள். ஒருவன் குனிந்து வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பழகின மாதிரி எல்லோரும் திரும்ப உள்ளே போனார்கள். ஐஸ் உறைய வைக்கிற அந்த மிஷினில் ஓடுவது அம்மோனியா என்று எங்கள் அறிவியல் வாத்தியாரே சொல்லியிருந்தார்.

எங்கள் காற்றுக் கணக்கில் தப்பே இல்லை. நாற்றம் கிழக்கிலிருந்துதான் வந்தது. கிழக்கில் இருப்பது எங்களுடையது என்பதால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

படியில் தடதடவென்று இறங்கி அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

“வாய மூடுடி,” என்றாள். “அது நம்ம ஐஸ் கம்பெனி.”

அப்பா வந்ததும் அவரிடமும் சொன்னேன். வலையைத் தட்டிக்கொண்டே கேட்டார். “ஆபீசருங்க வந்து சீல் வெச்சா ஐஸுக்கு எங்க போறது? பிடிச்ச மீன் அத்தினியும் நாறிப் பூடும். சீசன் முடியட்டும், ரிப்பேர் பண்றேன்னு சொல்லிகீறாங்க.”

சொல்லிகீறாங்க. அப்படியென்றால் இவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்.

“அப்ப மேல் வூட்டுக்காரங்க இருக்கலாமில்ல நைனா?”

அவர் வலையை விட்டு நிமிரவில்லை. “அந்த ஜன்னல்ல நின்னா எல்லாம் தெரியுதுன்னு நீதான சொன்ன? அவன் யார்ட்ல நாலு பேர்கிட்ட சொல்லுவான். போறதுதான் நல்லது.”

என் வீட்டை நான் முதன்முதலாகச் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான். அப்பா கெட்டவரில்லை. சுனாமியில் முகம் தெரியாத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று ஊரே சொல்லும். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

மாசக் கடைசியில் அவர்கள் போனார்கள். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஒரு கட்டில், இரண்டு மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குடம். குழந்தை அவள் தோளில் இருமிக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு அத்தை, “அப்பாடா, இனிமே நல்ல காத்து வரும்,” என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. தெரு நடுவில் போய் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். “நாத்தம் இவங்களது இல்ல! ஐஸ் கம்பெனிலேர்ந்து கேஸ் லீக் ஆவுது! நான் கண்ணால பாத்தேன்!”

ஒருத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

“தெரியும்டி. வூட்டுக்குள்ள போ.”

வண்டி முனை திரும்பியது. மாடி அறையின் கதவு திறந்தபடி கிடந்தது, உள்ளே ஒரு துரும்புகூட இல்லை. அன்று சாயங்காலம் கடல் காற்று வலுத்ததும் தெருவில் ஒவ்வொரு வீடாக ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஏன் சாத்துகிறோம் என்று ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை.