திருவிடைமருதூர்ப் பக்கம்: ஒரு சாய்தளமும் ஐந்தடி வாசலும்

புரட்டாசிக் கடைசியில் அத்தை போன் செய்தாள். மகள் செல்விக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனால் போன ஐப்பசியில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதனால் மழைக்கு முன் தரையை உயர்த்தப் போகிறார்கள், நான் வந்து அளந்து சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சென்னையில் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் ஒன்றில் வேலை. செங்கல், சிமெண்ட் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தால் மதியம் ஒன்றரைக்குக் கும்பகோணம். தாராசுரம் பார்க்க வருகிறவர்களுக்கும் இது வசதியான வண்டி. அங்கிருந்து திருவிடைமருதூருக்குப் பத்து கிலோமீட்டர் கூட இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இறங்கி ஊருக்குள் போக ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

வழியெல்லாம் ரோட்டில் பாதியை அடைத்துக் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் நெல்லைப் பார்க்கவில்லை. வீடுகளின் வாசற்படிகளைப் பார்த்துக்கொண்டே போனேன். புது வீடுகளெல்லாம் ரோட்டை விட இரண்டடி உயரம். பழையவை ரோட்டுக்குக் கீழே.

ஆட்டோக்காரரிடம் கேட்டேன். “பழைய தாரச் சுரண்டாம அதுக்கு மேலயே ரோடு போடுறாங்க. ரோடு ஏறுனதும் இவங்க வீட்ட ஏத்துறாங்க. அடுத்த தடவ ரோடு இன்னும் ஏறும். இப்படியே போனா நம்ம ஊருக்கு ஏரோப்ளேன்லதாங்க வரணும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் போய்விட்டது.

மேலத்தெரு வடிகால் நேராகப் போய் வாய்க்காலில் விழ வேண்டும். வாய்க்காலுக்கு முந்தைய கடைசி வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்காக வடிகாலின் மேல் சாய்தளம் போட்டிருந்தார். அடியில் ஒரு குழாய்கூட வைக்கவில்லை. வடிகாலுக்குள் கல்லும் ரப்பீஸும் கொட்டி நிரப்பி, மேலே கான்கிரீட், அதற்கும் மேலே வழுக்காத டைல்ஸ். வழி அடைபட்ட தண்ணீர் மழை பிடித்தால் ரோட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் இறங்கும். எங்கள் தெருவின் முதல் வீடு அத்தையுடையது.

அது பழைய தொகுப்பு வீடு. கூரை எட்டரை அடி, வாசல் ஆறரை அடி. தண்ணீர் ஏறாமலிருக்கத் தரையை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினால் வாசல் ஐந்தடி ஆகிவிடும். மின்விசிறியைக் கழற்றிவிட வேண்டும். கொத்தனாரிடம் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரியும். இந்தத் தெருவில் நான்கு வீடு அப்படித்தான் செய்து கொடுத்தாராம்.

“குனிஞ்சு போனா என்ன பாப்பா. நமக்கென்ன புதுசா?” என்றாள் அத்தை.

அதைக் கேட்டபின் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. புது ஆட்களிடம் பேசவே தயங்குகிறவள் நான். ஆனாலும் நேராகச் சாய்தளத்து வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும், மகன் சிங்கப்பூரில். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: சாய்தளத்தை வெட்டிக் குழாய் பதித்தால் போதும், ஒரு நாள் வேலைதான்.

“எங்க வீட்டு முன்னாடி ராம்ப் போட நான் யார்ட்ட கேக்கணும்? நீங்க குடியிருக்கிறதே எங்கப்பா விட்டுக்கொடுத்த மனை” என்றார்.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. குடியிருந்த மனைக்குப் பட்டா கேட்டு எங்கள் தெருவே தாலுகா ஆபீஸ் வாசலில் கிடந்து வாங்கியது. கேட்ட குற்றத்துக்கு இரண்டு நடவு எங்களை யாரும் வயலில் இறக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முன்சுவரைக் காட்டினார். “படிச்ச பொண்ணுதானே, இதுல பெயிண்ட் ஏன் நிக்க மாட்டேங்குது, சொல்லு.” முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது.

“நீங்க அடைச்ச தண்ணிதாங்க அது. போக வழியில்லாம உங்க அஸ்திவாரத்துலயே நிக்குது.”

பெயிண்டர் சரியில்லை, சுவருக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தன் சுவர் கரைந்தாலும் பரவாயில்லை, எங்களுக்காக ஒரு குழாய் வைக்க மாட்டார். கல்லூரியில் ஐந்து வருடம் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு மனிதர் வரவில்லை.

திரும்பி வந்தபோது கொத்தனார் புதுத் தரைமட்டத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். ஊராட்சிக்கு மனு எழுதலாம், எழுதினேன். ஆனால் மழை மனுவுக்காகக் காத்திருக்காது. தரையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். வாசலுக்கு மேலிருக்கும் லிண்டலையும் உடைத்து மேலே ஏற்றச் சொன்னேன். வீண் செலவு என்றாள் அத்தை.

“செல்வி எப்படி அத்தை குனிவா?”

அத்தை வாசலருகே போய், கொத்தனார் கட்டியிருந்த நூலுக்கு மேல் ஐந்தடி உயரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவரிடம், “ஒடைங்க” என்றாள்.

ஊரில் வீட்டு வேலை எடுக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சாய்தளத்தை உங்கள் மனைக்குள்ளேயே முடியுங்கள். வடிகாலைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் ஓரடி அகலக் குழாய் வையுங்கள், தூர் வார இரும்புக் கம்பி மூடி போடுங்கள். ரோடு போட வந்தால் பழைய தாரைச் சுரண்டச் சொல்லித் தெருவே கூடி நில்லுங்கள். தரையை ஏற்றும் முன் வாசலையும் அளந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏற்றும் ஒவ்வோர் அடியும் யார் வீட்டுக்குள் தண்ணீராக இறங்கும் என்று ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள்.

வாசல் வேலை முடிந்து நான் கிளம்பிய அன்று செல்வி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள். சாய்தளத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி வாசலை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன, கோயில் வாசல் மாதிரி வெச்சிருக்க?”

“புள்ளத்தாச்சி நிமிந்து வரணும்ல, அதாங்க” என்றாள் அத்தை.

அவர் வண்டியைக் கிளப்பிப் போய், அந்தச் சாய்தளத்தின் மேலேறி வீட்டுக்குள் நுழைந்தார்.