புகைப்புரையிலிருந்து எடுத்த பல்லி

அந்தப் பல்லியின் வால் என் கையோடு கழன்று வந்தபோது, சாயங்காலத்துக்குள் நான் செத்துவிடுவேன் என்று முழுமனதாக நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் ஆளைச் சிரிக்கவைக்கிறவன் என்று நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் எங்கள் செங்கல் ஊர் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அப்படிப்பட்டவன் அண்ணன் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரை வாசலில் நின்று, "விஷம் ஏறுது, வண்டிய எடு" என்று அலறினேன்.

எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தால் அடித்த பாம்பையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வழக்கம். கடித்தது எந்த இனம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமே. அந்த முறைப்படி, துடித்துக்கொண்டிருந்த வாலை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் பாட்டிலை ஏந்திக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்னப் பெண், மலையாளி. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சேட்டா, இது பல்லியுடெ வாலல்லே? கடிச்சோ?"

"இல்ல டாக்டர். கழண்டு வந்துது."

"எந்நால் ஆஸ்பத்திரியில் கொண்டுவரேண்டது பல்லியெயல்லே?"

அப்படியானால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியது பல்லியைத்தானே என்று அவர் கேட்டதும், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மனைவி என் சட்டையைப் பிடித்து எழுப்பினாள். "உங்க வாலு ஒண்ணும் கழண்டு விழல்லியே? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பல்லி அண்ணன் மகனுடையது. நம் சுவர்ப் பல்லி அல்ல. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளியும் தடித்த வாலும் கொண்ட வளர்ப்புப் பல்லி. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தவுடன் ஆசையாக வாங்கியவன், அறையை மாற்றும்போது ஊருக்குக் கொண்டுவந்து அண்ணனிடம் தள்ளிவிட்டான். சூட்டில் வைக்க வேண்டும் என்று மட்டும் போனில் சொன்னானாம். ரப்பர்காரனுக்குச் சூடு என்றால் ஒன்றுதான்: ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோடுகிற அறை. அண்ணன் கண்ணாடிப் பெட்டியை அதன் பரணில் ஏற்றிவிட்டார். ஐந்து மாதம். ஏணி எடுக்கப் போன நான், பெட்டிக்குள் காய்ந்த பாகற்காய் எதற்கு என்று கையை விட்டேன். பாகற்காய் ஓடியது.

"சோறு வச்சேன், பழம் வச்சேன், திங்கல்ல. திமிராக்கும்" என்றார் அண்ணன்.

அது பூச்சி தின்கிற பிராணி என்று எனக்கும் அன்றுவரை தெரியாது. பெட்டியோடு அதை என் வீட்டுக்கு எடுத்துவந்து காட்டியபோது நெய்யாற்றின்கரை மாட்டு டாக்டர்தான் சொன்னார். உரிந்த தோல் கழலாமல் இரண்டு கண்களையும் மூடியிருந்தது. விரல்களில் அது நூல்போல இறுகி, மூன்று விரல்கள் கறுத்துப்போயிருந்தன. டாக்டர் சொன்னபடி இளஞ்சூட்டு வெந்நீரில் நிற்கவைத்து, பஞ்சுக் குச்சியால் தோலை நனைத்து நனைத்து எடுத்தேன். விரல்கள் போய்விட்டன. கண்கள் திறந்தன. அது என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. சரியாகத்தான் பார்த்தது.

பெட்டியின் ஒரு மூலையில் கோழிக்குஞ்சுக்குப் போடுகிற பல்பு. மனைவி மூட்டுவலிக்குத் தின்கிற சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பொடித்து, வெட்டுக்கிளியை அதில் புரட்டி இடுக்கியில் நீட்டுவேன். முதல் ஒன்பது நாள் தொடவில்லை. தினமும் காலையில் அது செத்திருக்கும் என்று பயந்து, பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தடவை மனைவியைக் கூப்பிடுவேன்.

"ஏட்டி, மூச்சு இருக்கான்னு பாரு."

"யாருக்கு? உங்களுக்கா, அதுக்கா?"

பத்தாம் நாள் தின்றது. நான் சத்தம்போட்டதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்று மாதத்தில், முள்ளங்கி மாதிரி மொழுமொழுவென்று புது வால் முளைத்தது.

அதைப் போட்டோ பிடித்து அண்ணன் மகனுக்கு அனுப்பியதுதான் நான் செய்த தப்பு. காஞ்சிரங்குளத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவன் காரில் வந்தான். முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"சூப்பரா ஆக்கிட்டீங்களே சித்தப்பா. நான் கொண்டு போறேன்."

தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முகம் கோணிவிடுமே என்று எனக்குப் பயம். பயந்தால் எனக்கு வாயில் வருவது வேடிக்கை ஒன்றுதான்.

"கொண்டு போ மக்கா. ரேஷன் கார்டுல மட்டும்தான் பேர் சேர்க்கல்ல" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. தீனி, பல்பு, மாத்திரைப் பொடி எல்லாம் விளக்கிச் சொன்னேன். அவன் போனைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

மறுநாள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து வழக்கம்போல் நாலு பேரைச் சிரிக்கவைத்தேன். அவனும் எதிர்வரிசையில் சாப்பிட்டான். பல்லி வீட்டில் இருக்கிறது, புறப்படும்போது எடுத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் மண்டபத்திலிருந்து நேராகப் பெங்களூருக்குப் போவதாக இருந்தான். நாங்கள் காலையிலேயே மண்டபத்துக்குப் போனபின், அண்ணனிடம் இருந்த சாவியால் எங்கள் வீட்டைத் திறந்து பெட்டியை எடுத்துக் காரின் பின்சீட்டில் வைத்திருந்தான். கார் பதினொரு மணியிலிருந்து வெயிலில் நின்றது. நாலு கண்ணாடியும் மூடியிருந்தன. இரண்டரை மணிக்கு அவன் கதவைத் திறந்தபோது பல்லி செத்திருந்தது.