இலக்கியா மேடம் நோட்ஸ்

திருச்செங்கோட்டில் ஒரு நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி மையத்தில் இலக்கியா பாடம் நடத்துகிறாள். நான் செய்முறை சொல்லிக் கொடுக்கிறேன். அவளுக்கு முப்பத்தொன்று, ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் குடும்பம். ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். வேலை ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிப்பது. இந்த வருடம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

எங்கள் பாடப் புத்தகம் பழனியம்மாள் எழுதியது. சேலத்தில் நர்சிங் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகம் கடையில் கிடைக்காததால், இரண்டு பாடங்களை மட்டும் வகுப்புக்கு நகல் எடுக்க இலக்கியா தன் பிரதியை எதிர் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாள். திருப்பி வாங்க மறந்துவிட்டாள். கடைசிப் பாடங்களுக்கு நேரமில்லாமல், "நீங்களே படிச்சுக்குங்க" என்றும் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை தேர்வு. தேர்வாளராக வருவது பழனியம்மாளே என்று புதன்கிழமைதான் தெரிந்தது. அன்றைக்கே இலக்கியா, தனப்பிரியா என்ற மாணவியின் கையில் ஸ்பைரல் போட்ட முழுப் புத்தகத்தைப் பார்த்தாள். அட்டையில் 'இலக்கியா மேடம் நோட்ஸ்'. எழுதியவர் பெயர் எங்குமே இல்லை.

கடைக்கு ஓடினோம்.

"ஏனுங்க கதிர்வேல், என்னங்க இது?"

"புள்ளைங்க முழுசாக் கேட்டாங்க டீச்சர். உங்க பேரு இருந்தா ஒரு மதிப்புங்க."

"எழுதுனவங்க பேரு?"

"அது கலர் அட்டைங்க. நகல் எடுத்தாக் கருப்பா உழும்."

பக்கத்துக் கல்லூரிக்கும் பதினொரு பிரதி போயிருந்தது. வகுப்புக்கு வேண்டியதை எடுப்பது வேறு, முழுப் புத்தகத்தையும் விற்பது வேறு என்று அவளுக்குத் தெரியும். "அந்தம்மா என்னையத்தானே திருடின்னு நெனப்பாங்க? வேலையும் போயிரும்," என்றாள். மாணவிகளிடமிருந்த பிரதிகளை வாங்கி பீரோவில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் திணித்தாள். பூட்டியது நான்தான்.

மறுநாள் வாய்மொழித் தேர்வில் பழனியம்மாள் கேட்டார்: "சர்க்கரை நோயாளிக்குக் கால் சில்லுனு இருந்தா என்ன பண்ணுவே?"

"வெந்நீர்ப் பை வைப்பேனுங்க," என்றாள் தனப்பிரியா. அடுத்து வந்த இருவரும் அதையே சொன்னார்கள்.

"அவங்களுக்குக் கால்ல உணர்ச்சி இருக்காதே, வெந்து போயிருமே! செவப்புக் கட்டத்துல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேன், படிக்கலையா?"

"செவப்புக் கட்டம் எதுவும் இல்லைங்களே. பக்கத்துக்குப் பக்கம் கருப்புக் கட்டந்தானுங்க இருந்துச்சு."

இலக்கியா எழுந்து, என்னிடம் சாவி வாங்கி பீரோவைத் திறந்தாள். ஒரு பிரதியை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

பழனியம்மாள் அட்டையைப் படித்தார். உள்ளே புரட்டினார். சிவப்புக் கட்டத்தில் இருந்த எச்சரிக்கைகள் எல்லாமே நகலில் எழுத்துத் தெரியாத கருப்பு.

"என் பேரை எடுத்தது ஒரு தப்பு. இதைப் படிச்சுட்டு ஒருத்தி வேலைக்குப் போனா? அத்தனை பிரதியும் திங்கக்கிழமைக்குள்ள என் கைக்கு வரணும். புகார் எழுதறதா வேண்டாமான்னு அப்பச் சொல்றேன்."

கல்லூரியிலிருந்து பத்து வந்துவிட்டது. பதினொன்றாவது வாழப்பாடியில் இருந்தது. அதை வைத்திருந்த பெண் படிப்பு முடித்து, அங்கே சர்க்கரை நோயுள்ள ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். போன் எடுக்கவில்லை. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். இலக்கியா வழியெல்லாம் அந்த எண்ணையே அழுத்திக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்த பெண்ணிடம் அவள் புத்தகத்தைக் கேட்கவில்லை. நேரே உள்ளே போய்ப் பெரியவரின் போர்வையை விலக்கிப் பாதங்களைப் பார்த்தாள். புண் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை மறுதேர்வு. பழனியம்மாள் அத்தனை பிரதிகளையும் காரில் ஏற்றிக்கொண்டார்; புகார் எழுதவில்லை. மையம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, ஆறு மாதத்துக்கு மட்டும்.