மேல்குழலில் இருந்த தோட்டா

எங்கள் அப்பா இண்டூரில் பிறந்தவர். பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டோர நிலத்தில் கடலை விதைத்து எங்களை வளர்த்தார். கோபக்காரர், பிடிவாதக்காரர். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத எனக்கு வராது. ஆனால் கூடப்பிறந்தவனையே சுட்ட பாவி என்று சிலர் சொன்னார்களே, அது பொய். அப்பாவின் இந்த முதலாண்டு நினைவு மலரில் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

காட்டுப்பன்றிகளுக்காக அப்பா லைசென்சு எடுத்து ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல்கள், ஒரே விசை. முதலில் இழுத்தால் கீழ்க்குழல் வெடிக்கும், மறுபடி இழுத்தால் மேல்குழல். அப்பா கீழ்க்குழலில் மட்டுமே தோட்டா போடுவார். "ஒன்னு போதும். தப்புனா பன்னி பொழைச்சுப் போவுட்டும்" என்பார். அதனால் ஒரு முறை வெடித்துவிட்டால் துப்பாக்கி காலி என்றே எங்கள் வீட்டில் பழகிவிட்டது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அப்பா மோட்டார் போடப் போயிருந்தார். கடலைக்குள் பன்றிகள். முந்தின நாளே பாதிக் கடலைக்காட்டை உழுதுபோட்டிருந்தன. ஆத்திரத்தில் இரண்டு குழலிலும் தோட்டா போட்டுச் சுட்டேன். பன்றி தப்பியது. பழக்கதோஷத்தில் காலி என்று நினைத்து, விசையிலிருந்து விரலை எடுக்காமலே துப்பாக்கியைத் தாழ்த்தினேன். விரல் அழுந்தி மேல்குழலும் வெடித்தது. துவரைச் செடிகளுக்குள்ளிருந்து ஓர் அலறல். முதல் வெடியைக் கேட்டு உதவிக்கு ஓடிவந்த சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, அங்கே விழுந்து கிடந்தார்.

அப்பா ஓடிவந்து துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கினார். "சுட்டது நானு. நீ வூட்டுல இருந்த. வாயத் தொறந்தீன்னா என்னை உசுரோட பாக்க மாட்ட, கண்ணு."

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தச் சுயநலமும் உண்டு. சித்தப்பாவுக்கு வலது காலை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. "வரப்புக்காக எங்கண்ணன் வேணும்னே சுட்டுட்டாருங்க" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொன்னார். "கை தவறிடுச்சுங்க" என்பதற்கு மேல் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சிறைக்குப் போய் வந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், கதவு திறக்கும்போதெல்லாம் "தம்பி வந்தானா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அப்போதும், "சொல்லிராத கண்ணு" என்றார்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர்கள், பாடை சுமந்த பங்காளிகள், மழையிலும் வந்து நின்ற ஊரார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

சித்தப்பா, நீங்கள் வரவில்லை. உங்கள்மேல் குற்றமில்லை. இந்த மலரை முதலில் உங்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறேன். அடித்தாலும் சரி, போலீசில் சொன்னாலும் சரி. அப்பா படத்துக்கு உங்கள் கையால் ஒரு பூ மட்டும் வையுங்கள்.